முகாமுக்கு வராதவர்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வரத் தயங்கினால், 'அறியாமை' என்று ஒரே சொல்லில் நாம் தீர்ப்பெழுதி விடுகிறோம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கரும்புக் கொல்லைகளிலும் மரக்காணத்து உப்பளங்களிலும் கூலிக்கு உழைக்கும் பெண்ணின் தயக்கத்திற்கு நியாயமான காரணம் ஒன்றுமே இராதா?

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவே. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தோன்றுகிறதா என்று செவிலியர் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அன்றைய கூலி போய்விடும். நோவு ஒன்றும் இல்லாதவள் அங்கே எதற்குப் போனாள் என்ற கேள்வி வீட்டில் எழும். இந்நோய்க்குக் காரணமான கிருமி உடலுறவால் பரவுவது என்று தெரிந்துவிட்டாலோ, கேள்வி ஐயமாக மாறும். கணவனையன்றி வேறெவரையும் அறியாதவளுக்கும் இது வரக்கூடும் என்பதை அந்தக் கணவனுக்கு யார் சொன்னார்கள்? விழிப்புணர்வு பெண்களுக்கு மட்டும் போதும் என்று எண்ணுவதும் ஒருவகை அறியாமைதான்!

இவை எல்லாவற்றிற்கும் மேலாக நாணம். ஒரு துணித்திரையை நம்பி, முன்பின் அறியாதவர்முன் உடலைத் திறக்கச் சொல்வது சிறிய வேண்டுகோள் அன்று. அந்த நாணத்தை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவோர், ஏழைக்கு மானம் மிகை என்று கருதுகிறார்களோ? நற்செய்தியில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தினூடே பின்புறமாகத்தான் வந்தாள். ஆண்டவர் அவளை மகளென்று அழைத்தார். மறைந்து வந்ததற்காகக் கடிந்துகொள்ளவில்லை.

திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000 முதல் 2003 வரை நடந்த சோதனையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் ஊருக்கே சென்று சோதித்தனர். நோயின் தொடக்கநிலை மாற்றம் கண்டோர்க்கு உறையவைக்கும் சிகிச்சையையும் அளித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களைவிட அவ்வூர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அங்கு வந்தவர்களும் நாணமுடையவர்களே, நாட்டுப்புறத்துப் பெண்களே.

உடலைப் பேணுவது அவளது கடமையன்றோ எனலாம். கடமையே. ஆயினும், நோய் இருப்பதாகத் தெரிந்தபின் தன்னோடு எவரும் நில்லார் என்று அஞ்சுபவளுக்கு, அறியாதிருப்பதே ஆறுதல். அவ்வச்சத்தைத் தொடாமல் கடமையை மட்டும் நினைவூட்டுவது நேர்மையாகாது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லும் பேருந்தில் அவளருகே அமர ஒருத்தி வேண்டும். மாலைவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி வேண்டும். அன்றைய கூலிக்கு ஈடாக அன்பியத்தின் உண்டியலில் சிறிது பணமும் வேண்டும்.