செஞ்சோற்றுக் கடன் பழி துடைக்குமா?

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேயர் இனி ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் என 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அடிமைக் காலச் சின்னம் ஒழிந்தது என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். வரலாறு அழிகிறது என்று மறுசாரார் வருந்தினார்கள். இரு சாராரும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டதுதான் மனத்தை உறுத்துகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் செய்தது அறமா? மேலிடத்து ஆணைப்படி நடந்தவரைப் பழி சேருமா? கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே.

ஆர்ச்சிபால்ட் பிளேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையில் லெப்டினன்ட். அந்தமான் கரைகளை அளந்து வரைபடம் தீட்டியவர். 1789இல் சாத்தம் தீவில் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவியவர். நோய் தாளாமல் 1796இல் கைவிட்ட அந்த முயற்சி, 1858இல் கைதிகள் குடியேற்றமாக மீண்டும் தலையெடுத்தது. அப்போது சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியப் பூர்வகுடிகள், துப்பாக்கியும் தொற்றுநோயும் புகுந்தபின் இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டார்கள். போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010இல் கண்மூடினார். அவரோடு ஒரு மொழியும் மறைந்தது. பிளேயர் கடலாழத்தைத்தானே அளந்தார் என்று சமாதானம் சொல்லிவிட முடியாது. கதவைத் திறந்துவிட்டவனுக்கும் களவில் பங்கு உண்டு.

பிறர் மண்ணைப் பறிக்கும் செயலுக்கு ஆணை காரணமாகலாம், அது நியாயமாகிவிடாது. இந்த அளவுகோலை வெள்ளைக்காரனுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது அறமன்று, வெறும் பகை. நம் வாசலிலும் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதனுள்ளே, கூரையிழந்த தேவாலயத்தில் டிலனாய் துயில்கிறார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்து, 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர். சிறை வைத்த மன்னரிடமே பணிக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்றார். 1777இல் மறைந்த அவரது கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்தார். காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் தம் பெயர் தந்த அச்சத்தாலும் மன்னருக்கு அடிபணிய வைத்தார். இவையே அந்தக் கல் சொல்லும் பெருமைகள். அச்சத்தில் வாழ்ந்த குடிகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். மலையாளக் கரையின் உழவர்கள், மீனவர்கள், சிற்றரசர்களின் குடிமக்கள்.

சோறிட்டவனுக்கு உழைப்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. வள்ளுவரே படைச்செருக்கு என்று ஓர் அதிகாரம் பாடினார். ஆணைக்குப் பணியாத படை நாட்டுக்கே ஆபத்து. டிலனாய் வகுத்த நெடுங்கோட்டை பின்னாளில் திப்புவின் படையைத் தடுத்து நிறுத்தியதும் உண்மை. ஆனால் காப்பது வேறு, கவர்வது வேறு.

அதே வள்ளுவர் வினைத்தூய்மையில் விதித்த எல்லை மிகக் கடுமையானது. பெற்ற தாய் பசித்திருப்பதைப் பார்க்க நேர்ந்தாலும், சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்றார். தாயின் பசிக்கே விலக்கு இல்லையென்றால், மன்னனின் மண்ணாசைக்கு எங்கிருந்து விலக்கு வரும்? கம்பனின் கும்பகருணன் அண்ணனுக்காக உயிர் கொடுத்தான். ஆனால் சீதையை விட்டுவிடு என்று அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்த பிறகே களம் சென்றான். வீடணனோ அறத்துக்காக இலங்கையையே துறந்தான். பாரதத்தில் பீஷ்மரும் துரோணரும் உண்ட சோற்றை நினைத்துச் சபையில் வாய்மூடி இருந்தார்கள். அந்த மௌனத்தின் பழி இன்றளவும் அவர்களை விடவில்லை. மூவேந்தரும் சேர்ந்து பாரியின் பறம்பை முற்றுகையிட்டார்கள். நம் நெஞ்சில் நிற்பவன் பாரி. கோவூர்கிழார் சோழரின் பரிசிலில் வாழ்ந்தவர். ஆயினும் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்தபோது கிள்ளிவளவனை எதிர்த்துப் பேசி அவர்களைக் காத்தார். சோறு உண்டவனின் உண்மைக் கடன் இப்படி இடித்துரைப்பதே என்பதற்கு இத்தனை பேர் சாட்சி.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டிலனாயோடு பழகிய அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவரும் மன்னரின் சோற்றை உண்டவரே. மனச்சான்றுக்கு ஒவ்வாததை ஏற்க மறுத்தார். சிறைப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருச்சபை அவரை 2022இல் புனிதராக அறிவித்தது. அவரைக் கொன்ற அரசின் படைக்கு டிலனாய் மேலும் கால் நூற்றாண்டு உழைத்தார். மறுக்க வழியே இல்லை என்று அந்த அரண்மனையில் இருந்த எவரும் சொல்லிவிட முடியாது. மறுத்தவர் ஒருவர் அங்கேயே இருந்தார்.

அந்தமானின் புதிய பெயரை அறிவித்தபோது அந்தத் தீவுகள் சோழர் கடற்படைத் தளமாக இருந்ததும் பெருமையாகச் சொல்லப்பட்டது. கடாரம் வரை சென்ற ராஜேந்திரனின் படையெடுப்பை நாமும் மார்தட்டிப் பேசுகிறோம். அங்கே கொள்ளை போன ஊர்களில் அழுதவர்கள் யாரென்று கேட்டதுண்டா? நடுவுநிலைமை என்பது நமக்கு வேண்டியவரின் தட்டிலும் அதே எடைக்கல்லை வைப்பது.

உதயகிரியின் கல்லறையை இடிக்க வேண்டாம். குளச்சல் வெற்றித் தூணைப் பழிக்கவும் வேண்டாம். அந்தக் கல்லறைக்கு அருகில் ஒரு பலகை வைத்து, அவர் அடிபணிய வைத்த நாடுகளின் பெயர்களையும் எழுதுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் கடற்படையிலும் தரைப்படையிலும் சீருடை அணிகிறார்கள். ஆணைக்குப் பணியக் கற்றுக்கொடுக்கும்போதே, அறமல்லாத ஆணையை மறுக்கவும் பெற்றோரும் ஆசிரியரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.