தொண்ணூற்றைந்து புள்ளிக் கோலம்

மூன்றிலிருந்து எட்டைக் கழித்தால் ஐந்து என்றது கால்குலேட்டர். மைனஸ் ஐந்து இல்லை, வெறும் ஐந்து.

திரையைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே ஐந்து. வயசாகிவிட்டது, கணக்கு மறந்துபோயிற்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, விளையாட்டாக அந்த விடைக்கு வர்க்கமூலம் கேட்டேன். முடியாது, பிழை என்று வந்தது. ஐந்துக்கு வர்க்கமூலம் எடுக்க எந்தக் கால்குலேட்டரும் மறுக்காது. மறுக்கிறதென்றால் அதன் வயிற்றுக்குள் இருப்பது ஐந்து அல்ல. கழித்தல் குறி உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. வெளியே வரும் வழியில்தான் எங்கோ தொலைந்திருக்கிறது.

கிராஃப் போடும் பழைய கால்குலேட்டர் அது. என் கைக்கு வந்தபோதே முப்பது வயதைத் தாண்டியிருந்தது. இந்த இனத்தில் மூத்தது, 1985-இல் காசியோ கொண்டுவந்த எஃப்எக்ஸ்-7000ஜி. குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி கொண்ட திரை. நிரல் எழுதி வைக்க 422 பைட் இடம். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. 1990-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.ஐ-81 வந்தது, ஹெச்.பி-48எஸ்எக்ஸும் அதே வருடம்தான். அமெரிக்காவில் 1995-இலிருந்து ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்கு இப்படி ஒன்று இல்லாமல் போக முடியாது என்று ஆனது. அந்தத் தலைமுறை இயந்திரங்களை இன்று தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும்: மூளை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், முகம்தான் முதலில் போகும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஐந்து புள்ளி அகலம், ஏழு புள்ளி உயரம். விடை வந்து நிற்கும் வரியில், மேலிருந்து நான்காவது புள்ளி வரிசை அடியோடு காணோம். கழித்தல் குறியோ ஒரே வரிசையில் படுத்துக்கிடக்கிற கோடு. அந்த வரிசை போனால் அதுவும் போயிற்று. ஐந்துக்கு அந்த வரிசையில் இருப்பது வலப்பக்கம் ஒரே ஒரு புள்ளி. அது இல்லாததைக் கண் பொருட்படுத்தவே இல்லை, தானே நிரப்பிக்கொண்டு ஐந்து என்று படித்துவிட்டது. எட்டின் இடுப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. இடுப்பு போன எட்டு, அசப்பில் பூஜ்யம். திரையைத் துடைக்காமல் அடுத்த கணக்கைப் போட்டபோது, விடை இரண்டு வரி கீழே போய், மைனஸோடு ஒழுங்காக நின்றது.

டிவி ரிப்பேர் கடையில் ‘திரையில் கோடு விழுந்துவிட்டது’ என்பார்கள். அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு கோடு படத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், யாருக்கும் தெரியும். இங்கே விழுந்ததில் மிஞ்சியது ஒன்றுமில்லை. இல்லாத கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? அதன்மேல் இருக்க வேண்டியது ஒன்று இல்லாமல் போகும்போதுதான்.

இந்தத் திரைகளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே மெல்லிய திரவப் படிகம், வெளிப்பக்கம் இரண்டிலும் போலரைசர் தாள், அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு. படிகத்தின் மூலக்கூறுகள் சுழல் மாடிப்படி போல முறுக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைகிற ஒளியும் அந்த முறுக்கோடு திரும்பி, அடித்தாளைக் கடந்து, வந்த வழியே வெளியேறும். மின்னழுத்தம் கொடுத்த இடத்தில் முறுக்கு அவிழும், ஒளி அடித்தாளிலேயே சிக்கிக்கொள்ளும். மேலிருந்து பார்க்கிற நமக்கு அங்கே கறுப்பு. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்ற இருவர் 1970-இல் காப்புரிமைக்குக் கொடுத்த உத்தி இது. படிகத்தின் கதை இன்னும் பழசு. 1888-இல் பிராகில் தாவரவியலாளர் ரைனிட்ஸர் ஒரு கொலஸ்ட்ரால் சேர்மத்தைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் குழம்பிய குழப்பத்தில்தான் நம் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் தொடங்குகின்றன.

ஆக, இந்தத் திரையில் எழுத்து என்று நாம் படிப்பதெல்லாம் வெளிச்சம் திரும்பி வராத இடங்களைத்தான். என் இயந்திரத்தின் நான்காம் வரிசையில் ஒளி எந்தத் தடையுமில்லாமல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அந்த இடம்தான் திரையிலேயே சுத்தமாகத் தெரிந்தது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடியின் விளிம்பையும் சர்க்யூட் போர்டையும் இணைக்க, கரிக் கோடுகள் ஓடும் மெல்லிய ரிப்பன் ஒன்றைச் சூட்டோடு அழுத்தி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை பல வருட வெயிலிலும் குளிரிலும் இளகி இறுகி, ஓரிடத்தில் மயிரிழை விட்டுப்போகும். மூடியைக் கழற்றி, விளிம்பில் விரலை வைத்து அழுத்தினால் வரிசை வருகிறது, எடுத்தால் போகிறது. சால்டரிங் அயர்னின் நுனிக்கும் ரிப்பனுக்கும் நடுவே சிலிக்கான் ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, மெல்லச் சூடு காட்டி, அழுத்தம் விடாமல் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் ரிப்பன் சுருண்டுவிடும், அதோடு கதை முடிந்தது. (மூடியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது வேறு வியாதி. போலரைசர் தாளில் இருக்கும் செல்லுலோஸ் அசிட்டேட் சிதைகிறது என்று அர்த்தம். பழைய சினிமாச் சுருள்களை அரித்துத் தின்பதும் இதே நோய்தான். தாளை உரித்து வேறு ஒட்ட வேண்டும். ஒன்றைத் தொண்ணூறு டிகிரி மாற்றி ஒட்டிவிட்டால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் வரும்.)

நான் அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. சோம்பல்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில், முதல் நாளைத் தவிர, அது என்னை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. எங்கே குருடு என்று தெரிந்துவிட்டதே. விடை அந்த வரியில் வந்தால் ஒருமுறை என்டரைத் தட்டிக் கீழே இறக்கிப் படித்தேன். பூஜ்யத்தைக் கண்டால் எட்டோ என்று சந்தேகப்பட்டேன். பழுதான இயந்திரத்தோடு பழகுவதில் ஒரு ஜாக்கிரதை தானாக வந்துவிடுகிறது.

மங்கல் அப்படியல்ல. மேசையில் இன்னொன்றும் இருக்கிறது, 1996-இல் வந்த டி.ஐ-83 வகை, பழுதில்லாதது. பேட்டரி தீரத் தீர எழுத்து வெளிறும். இரண்டு பொத்தான்களைத் தட்டினால் கறுப்பு ஏறும், மூலையில் எந்த அளவில் இருக்கிறோம் என்று 0 முதல் 9 வரை ஓர் எண் காட்டும். எட்டோ ஒன்பதோ வைக்க வேண்டி வந்தால் பேட்டரி மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு தட்டு, மாதத்துக்கு இரண்டு தட்டு என்று நாமே ஈடுகட்டிக்கொண்டு போவதால் மங்கியது தெரிவதே இல்லை. புது பேட்டரி போட்ட அன்றுதான் திரை முழுக்கக் கறுத்துப் பூதம் மாதிரி நிற்கும், பேட்டரியில்தான் கோளாறு என்று தோன்றும். கண்புரை விழுகிற பெரியவர்களும் முதலில் பல்பைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பழுதுகள். என்னை உலுக்கியது பழுதில்லாத அந்த டி.ஐ-83.

அதில் முக்கோணவியலுக்கென்று ஒரு சாளரம் உண்டு. ரேடியனில் வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தால், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 95 செங்குத்து நிரைகள், அடுத்தடுத்த நிரைகளுக்கு இடையே சரியாக பை (π) மதிப்பில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. இயந்திரம் ஒவ்வொரு நிரையிலும் ஒரு தடவை சைனைக் கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கும், பிறகு புள்ளிகளைச் சேர்க்கும். சைன் எக்ஸ் கேட்டேன். இடமிருந்து வலமாக அலை அழகாக எழுந்து இறங்கிப் போயிற்று. அதைத் துடைத்துவிட்டு சைன் 49 எக்ஸ் கேட்டேன். நாற்பத்தொன்பது மடங்கு வேகத்தில் துடிக்க வேண்டிய வளைவு. திரை கறுத்துப் போகும் என்று காத்திருந்தேன். வந்தது அதே அலை, புள்ளிக்குப் புள்ளி அதே இடத்தில்.

தாளில் போட்டுப் பார்த்தால் புரிகிறது. ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் போவதற்குள் அந்த வளைவு ஒரு முறை முழுசாக ஏறி இறங்கிவிட்டு, அதற்கு மேல் சைன் எக்ஸ் நகர்கிற அதே கொஞ்சத் தூரம் நகர்ந்து, நல்ல பிள்ளையாக வந்து நிற்கிறது. இடையில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க அங்கே நிரை இல்லை. சினிமாவில் முன்னால் ஓடுகிற வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரிவதும் இதே சங்கதிதான்.

‘கண்ணால் காண்பதும் பொய்’ என்று இங்கே பழமொழியை இழுக்கத் தோன்றும். ஆனால் இயந்திரம் பொய் சொல்லவில்லையே. தொண்ணூற்றைந்து இடத்தில் கேட்டேன், தொண்ணூற்றைந்திலும் மெய்யைத்தான் சொன்னது. சைன் 49 எக்ஸ் அந்தப் புள்ளிகள் அத்தனையின் வழியாகவும் போகத்தான் செய்கிறது. மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கோலமாவு எடுக்க உள்ளே போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். புள்ளி மட்டும் இருக்கும் அந்தச் சில நிமிடம், வாசலில் எந்தக் கோலம் வரப்போகிறது என்று தெருவில் போகிறவர்களால் சொல்ல முடியாது. தாமரையும் வரலாம், தேரும் வரலாம். வைத்தவர் மனசில்தான் அது இருக்கிறது. நானோ தொண்ணூற்றைந்து புள்ளியைப் பார்த்துவிட்டு, கோலத்தையே பார்த்துவிட்டதாக இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். பள்ளியில் கிராஃப் தாளில் ஏழு புள்ளி வைத்து வழவழப்பாகக் கோடிழுத்துப் பாஸான நாளிலிருந்தே.

கோடு தொலைந்த பழைய இயந்திரம், தான் எங்கே பார்க்கவில்லை என்று முகத்திலேயே எழுதி வைத்திருந்தது. இது நிரைக்கு நிரை இடையே எதையும் பார்க்கவில்லை. அதற்கு எந்த அடையாளமும் இல்லை, இருக்கவும் முடியாது. குறைந்தால்தானே குறை தெரியும்.

போன ஞாயிறு, ரிப்பனை ஒட்டிவிட்டு மூடியைத் திருகிய பிறகு, பழையதில் மூன்றிலிருந்து எட்டைக் கழித்துப் பார்த்தேன். மைனஸ் வந்துவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு டி.ஐ-83-ஐ எடுத்து, இந்தத் தடவை 49-க்குப் பதில் 48 போட்டேன். வலது மேல் மூலையில் வேலை நடப்பதைக் காட்டும் சின்னக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. நிரை நிரையாக 95 இடத்திலும் கணக்கிட்டது. எல்லா இடத்திலும் விடை பூஜ்யம். புள்ளிகள் எல்லாம் கிடைமட்ட அச்சின் மேலேயே போய் விழுந்ததால் வளைவு என்று தனியாக எதுவும் கண்ணுக்குப் படவில்லை. சின்னக் கோடு நின்றது. இரண்டு அச்சுகள் மட்டும், பளிச்சென்று. திரையில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.