அவனே இவன்

‘நான் மணந்துகொண்ட மனிதர் இவரல்லர்.’ மணமாகிச் சில ஆண்டுகள் கடந்த அன்பர்களிடமிருந்து இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்க நேர்கிறது. (இல்லறம் அறியாத துறவியிடம் வந்து ஏன் முறையிடுகிறார்களோ!) மாறிவிட்ட அன்பு அழிந்துவிட்ட அன்புதானா?

‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்று வேதாந்த நூல்களில் ஓர் உதாரணம் வரும். முன்பு வேறோர் ஊரில் கண்டவனை இன்று இங்கே காண்கிறோம். அன்றைய இடம், காலம், இன்றைய இடம், காலம் ஆகியவற்றை விலக்கினால், ஆள் ஒருவனே என்பது விளங்குகிறது. தத்துவ மாணவனாகப் படித்தபோது இது எளிதாகவே தோன்றியது. இல்லறத்திற்குப் பொருத்தும்போதுதான் சிக்கல். அன்று பட்ட காயத்தை அப்படி விலக்கிவிட முடியுமா?

காந்தியடிகள், கஸ்தூர்பா இருவரின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். 1883-இல் மணம் நடந்தபோது இருவரும் சிறுவயதினர். 1898-இல் டர்பன் நகரில் அவர்களது வீட்டில் எழுத்தர் ஒருவர் தங்கியிருந்தார். தீண்டப்படாதோர் எனப்பட்ட குலத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரது சிறுநீர்க் கலத்தைக் கஸ்தூர்பா கண்ணீருடன் எடுத்துச் சென்றார். காந்திக்கு அது போதவில்லை. மகிழ்ச்சியுடன் செய்ய வேண்டுமாம். வாக்குவாதம் முற்றவே, மனைவியின் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்று கதவைத் திறந்தார். பெற்றோரோ உற்றாரோ இல்லாத அயல்நாட்டில் தான் எங்கே போவது என்று அவர் அழுதபடி கேட்ட பிறகே, கணவர் நாணிக் கதவை மூடினார். கொள்கை உயர்ந்ததுதான், அதைப் புகுத்திய கை?

சில ஆண்டுகளுக்குப் பின், தென்னாப்பிரிக்காவிலேயே, கஸ்தூர்பா நோயுற்றார். உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி வற்புறுத்தினார். ‘உங்களாலேயே விட முடியாது’ என்ற கருத்தில் பதில் வந்தது. உடனே, தாம் ஓராண்டுக்கு அவற்றை விட்டதாக அறிவித்தார் காந்தி. கஸ்தூர்பா பதறித் தாமும் விடுவதாகச் சொல்லிக் கெஞ்சியும் அவர் இறங்கி வரவில்லை. அதே பிடிவாதம், அதே மனிதர்! ஆனால் மனைவியின் மேல் பாய்ந்த பிடிவாதம் இப்போது அவர்மீதே திரும்பியிருந்தது. பின்னாளில் இதை இனிய நினைவாகவே அவர் குறித்தார். எனக்கு முழு உடன்பாடில்லை. தன்னை வருத்திக்கொள்வதும் பிறரை வளைக்கும் வழியாகிவிடலாம். அன்றும் கஸ்தூர்பா அழத்தானே செய்தார்?

அவரும் அப்படியே நின்றுவிடவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும்படியான தீர்ப்பு, 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்றிலிருந்து வந்தது. எந்த மணவாழ்வில் வாயில்வரை இழுக்கப்பட்டாரோ, அந்த மணவாழ்வின் மதிப்பைக் காக்க அவ்வாண்டே சிறை புகுந்தார் கஸ்தூர்பா.

டர்பன் நிகழ்ச்சியைக் காந்தி மறைக்கவில்லை. 1925 முதல் தொடராக வெளிவந்த தன்வரலாற்றில், ஊரறிய எழுதிவைத்தார். தேவதத்தன் உதாரணம் இல்லறத்தில் பொருந்தாமல் போகும் இடம் இதுவே என்று நினைக்கிறேன். அங்கே பழையதை விலக்கி ஆளை அறிகிறோம். இங்கே இழுத்த கையையும் சேர்த்துத்தான் ‘அவனே இவன்’ என்று அறிய வேண்டியிருக்கிறது.

1944 பிப்ரவரி 22 அன்று, இருவரும் காவலில் வைக்கப்பட்டிருந்த புனே ஆகா கான் மாளிகையில், கணவரின் மடியில் கஸ்தூர்பா உயிர் நீத்தார். மறுநாள் சிதை எரிந்து அடங்கும்வரை அந்த முதியவர் அவ்விடத்தை விட்டு எழவில்லை.