தேன் தடவிய எழுத்து

எபிரேயத்தில் ‘கதோஷ்’ என்றால் புனிதம். தனியே எடுத்து வைக்கப்பட்டது என்றும் பொருள். வெள்ளி இரவு திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்திச் சொல்லும் ‘கித்தூஷ்’, துக்கம் காப்போர் சொல்லும் ‘கத்தீஷ்’, திருமணத்தைக் குறிக்கும் ‘கித்தூஷின்’ எல்லாம் அதே மூன்று மெய்யெழுத்துகளில் முளைத்தவை. ஆகவே யூத சமயப் பள்ளியில் மொழிப்பாடம் வேறு, புனிதப் பாடம் வேறு அல்ல. வேரைக் காட்டிவிட்டால் போதும், சாப்பாட்டு மேசையிலும் துக்க வீட்டிலும் மணப்பந்தலிலும் குழந்தை அதே ஒலியை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஐந்து வயதுக்குப் புனிதம் என்ன புரியும், கிளிப்பிள்ளைப் பாடம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, விளக்கவுரையாகச் சொன்னால் புரியாதுதான். ஆனால் இடைக்கால ஐரோப்பாவின் யூதர்கள் பலகையில் எழுதிய எழுத்துகளின்மேல் தேன் தடவி, பிள்ளையை நக்கச் சொன்னார்கள். நாக்குக்கு உரை எதற்கு? கீழே விழுந்த பிரார்த்தனைப் புத்தகத்தைப் பெரியவர் எடுத்து முத்தமிடுவதைப் பார்க்கும் குழந்தைக்கும் வரையறை தேவையில்லை. புனிதராயிருக்கச் சொல்லித் தொடங்கும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரமே அன்றாடத்தைத்தான் பேசுகிறது: வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலியைக் காலைவரை வைத்துக்கொள்ளாதே, பார்வையற்றவர் வழியில் தடையை வைக்காதே. மதிய டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒதுக்கிவைக்கத் தெரிந்த குழந்தைக்கு இதில் எது எட்டாதது?