விபத்து நஷ்டஈடும் பொய்ச் சாட்சியும்

 



வட சென்னையில் வாழ்கிறவர்களுக்கு டிரெய்லர் லாரியைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரம் ஜீரோ கேட்டிலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதையும், அந்த வரிசைக்கு இடையில் சந்து பார்த்து நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை நுழைப்பதையும் அன்றாடம் பார்க்கிறோம். ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். மறுபக்கம் 2001ல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம். நடுவில் மணலி ஆலைகள். நம் மஹல்லாக்களில் பாதிப் பேருக்கு இந்தச் சாலையில்தான் ரிஸ்க். ஜனாஸா தொழுகைகளில் சிலவும் இந்தச் சாலையிலிருந்தே வருகின்றன.

அப்படி வந்த ஒரு ஜனாஸாவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம். மர்ஹூமுக்கு வயது 34. கண்டெய்னர் யார்டில் லோடு வேலை. மாதம் 15 ஆயிரம் வருமானம். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாயார். இஷாவுக்குப் பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் வீடு திரும்பும்போது ஒரு டிரெய்லர் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. முதல் தகவல் அறிக்கையில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றுதான் எழுதப்பட்டது.

அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் மர்ஹூமின் தம்பி நம்மிடம் வந்து உட்கார்ந்தார். கேஸ் பிடித்துத் தரும் ஆள் ஒருவர் வீடு தேடி வந்தாராம். இன்சூரன்ஸ் உள்ள ஒரு லாரி தம்மிடம் இருக்கிறதாம். இடித்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள டிரைவரும் தயாராம். கண்ணால் கண்டதாகச் சொல்ல ஒரு டீக்கடைக்காரரும் உண்டாம். வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

"ஹஜ்ரத், கம்பெனிக்காரன் காசுதானே. யார் வயித்திலேயும் அடிக்கலையே. யதீம் பிள்ளைங்களுக்குத்தானே போவுது. ஆகுமா, ஆகாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலை என்னவென்று நமக்கே தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சரளா வர்மா வழக்கில் 2009லும், பிரணய் சேத்தி வழக்கில் 2017லும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு அது. மாத வருமானம் 15 ஆயிரம். நாற்பது வயதுக்குள் சுயமாகச் சம்பாதித்தவர் என்பதால், எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்டினால் 21 ஆயிரம். நம்பியிருந்தவர்கள் ஐந்து பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. வயது 34க்குப் பெருக்கும் எண் 16. ஆக 30 லட்சத்து 24 ஆயிரம். இன்னும் சில சில்லறைத் தலைப்புகளில் கொஞ்சம் சேரும்.

வண்டி அகப்படாத விபத்துக்கு? மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவின்படி, 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தில், மரணத்துக்கு 2 லட்சம். கடுங்காயத்துக்கு 50 ஆயிரம். அவ்வளவுதான்.

30 லட்சம் எங்கே, 2 லட்சம் எங்கே! சகோதரர்களே, மிம்பரில் ஏறி நின்று ஹராம் என்று முழங்குவது எளிது. இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் கையிலிருந்து 28 லட்சத்தைத் தட்டிவிடும் வார்த்தை அது என்று தெரிந்தபின் சொல்வது எளிதல்ல. ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னோம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறோம். வழக்குப் போடுவதே கத்ரை நம்பாத செயல் என்றும், இன்சூரன்ஸ் பணம் என்றாலே தொடக்கூடாது என்றும் எண்ணி, உண்மையான நஷ்டஈட்டையும் விட்டுவிடுகிற பேணுதலான குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இது சரியன்று. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அதற்கு ஈடு உண்டு என்று விதித்ததே அல்குர்ஆன்தான். அந்நிஸா அத்தியாயம் 92ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டிய தியத்தும், கொன்றவர் அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கஃப்பாராவும் அங்கே தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தியத்தைக் குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தால் அது ஸதகா. வாங்கினால் அது அவர்களுடைய ஹக்கு. ஹக்கைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

'இன்சூரன்ஸ் ஆகுமா' என்ற மஸ்அலா வேறு. அதில் உலமாக்களின் பேச்சு நீளமானது. ஆனால் இடிபட்டவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர். வண்டிக்காரர் மீது கடமையான ஈட்டை, சட்டம் கட்டாயப்படுத்தியதால், அவர் சார்பில் கம்பெனி கொடுக்கிறது. அக்காலத்தில் தவறுதலான கொலைக்குரிய தியத்தைக் கொன்றவரின் தந்தைவழி உறவினர்கள் பங்கிட்டுச் செலுத்தினார்கள். அவர்களை ஆகிலா என்போம். ஒருவன் தலையில் முழுப் பாரமும் விழாதபடி பலர் தோள் கொடுத்த அந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துப் பார்த்தால், வாங்குகிறவர் தயங்க வேண்டியதில்லை என்பது விளங்கும்.

ஆகவே உண்மையான வழக்கைத் தாராளமாகப் போடுங்கள், காலத்தோடு போடுங்கள். 2019ல் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலாகி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி யாரும் தாமதிக்க வேண்டாம். சென்னையில் இந்த வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கேட்கும் ஆளிடம் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். யாருடைய காசு என்று அவர் கேட்டார். மார்க்கம் அதைக் கேட்பதற்கு முன்னால், எந்த வழியில் வந்த காசு என்று கேட்கிறது. பிறர் பொருளை அநியாயமாகத் தின்னாதீர்கள், அதற்காக விவகாரத்தை அதிகாரிகளிடம் கொண்டுபோகாதீர்கள் என்று அல்பகறா 188ஆம் வசனம் தடுக்கிறது. அதில் கம்பெனி, தனியாள் என்ற பாகுபாடு ஏது? கோர்ட்டே தீர்ப்புச் சொன்னபின் ஆகுமாகிவிடாதா என்று கேட்பவருக்கு, உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரி, முஸ்லிமில் பதிவான ஹதீஸ் போதும். நாவன்மையால் ஒருவன் வாதித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டாலும், பிறருடைய ஹக்கு அவனுக்கு ஹலாலாகாது. அவன் பெறுவது நெருப்புத் துண்டு என்று எச்சரித்தார்கள். நாயகத்தின் தீர்ப்பாலேயே ஹலாலாகாதது, சிறு வழக்குகள் நீதிமன்றத் தீர்ப்பால் ஆகிவிடுமா?

யார் வயிற்றிலும் அடிக்கவில்லை என்பதும் பொய். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வாடகைக்கு வரும் டிரைவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. உண்மையில் இடித்தவனோ இதனால் தப்பிவிடுகிறான். வேறொரு வண்டியின் பெயரில் கணக்கு முடிந்தபின் அவனை யார் தேடுவார்கள்? மர்ஹூமின் இரத்தத்துக்கே இது துரோகம் என்றபோதுதான் அந்தத் தம்பி தலைகுனிந்தார். உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய போலி வழக்குகள் பெருகி, அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015ல் சிறப்பு விசாரணைக் குழு அமைக்கச் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றத்தை எட்டி, 2021ல் இந்திய பார் கவுன்சில் 28 வக்கீல்களை இடைநீக்கம் செய்தது. இவர்களால், மெய்யாகவே மகனை இழந்து நிற்கும் தாயையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. சில மாதங்களுக்குமுன் வசதியான ஒருவர் வந்தார். பதினேழு வயது மகன், லைசென்ஸ் இல்லை, காரை எடுத்துப்போய் மார்க்கெட் அருகே ஒரு மீனவப் பெண்ணின் காலை முறித்துவிட்டான். ஓட்டியது வீட்டு டிரைவர் என்று எழுதிக்கொடுக்கப் போவதாகவும், துஆச் செய்ய வேண்டும் என்றும் கேட்டார். எதற்கு துஆ? தனக்கும் பெற்றோருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று அந்நிஸா 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிள்ளைக்கு எதிராக மட்டும் விலக்கு உண்டா? சிறுவனிடம் வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25 ஆயிரம் அபராதமும் என்று சட்டம் சொல்வது அவருக்குத் தெரியும், பயம் அதுதான். அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. நாம் துஆச் செய்யவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இப்போது வேறு பள்ளியில் தொழுகிறார் என்று கேள்வி.

இவ்விடத்தில் லாரி, வேன் ஓட்டும் சகோதரர்களுக்கு ஒன்று. உங்கள் கவனக்குறைவால் ஓர் உயிர் போயிருந்தால், கம்பெனி பணம் கட்டிவிட்டதோடு தீர்ந்தது என்று இராதீர்கள். கஃப்பாரா உங்கள் மீது நிற்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. உங்கள் வழக்கின் விவரத்தைச் சொல்லி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

பணம் வந்த வீடுகளிலும் சண்டை வருகிறது. மகன் பணம் எங்களுக்கே என்று மாமனார் வீட்டார் மருமகளை ஒதுக்குவதைக் கண்டிருக்கிறோம். தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றுதான் உமர் (ரலி) அவர்களும் முதலில் கருதினார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்குக் கணவரின் தியத்தில் பங்கு கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியதை ளஹ்ஹாக் இப்னு ஸுஃப்யான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னதும், தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். உமரே மாற்றிக்கொண்டார்கள்; மாமனார்கள் மாற்றிக்கொள்ளக் கூடாதா? பிள்ளைகளின் பங்கைத் தீர்ப்பாயம் பேங்கில் போட்டு வைக்கும். அது யதீமின் சொத்து; தொட்டால் வயிற்றில் நெருப்பு. அதில் சேரும் வட்டியைத் தனியே எழுதி வைத்து, என்ன செய்வதென்று ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தம்பியை வெறுங்கையோடு அனுப்பினால் நாம் எந்த முகத்தோடு தொழுகை நடத்துவது? அடுத்த ஜும்ஆவுக்குப்பின் ஜமாஅத் நிர்வாகிகளை உட்கார வைத்துப் பேசினோம். ஹராமைத் தடுத்தவர்கள் ஹலாலுக்கு வழி செய்ய வேண்டும், இந்த வீட்டுக்கு நாம்தான் ஆகிலா என்றோம். ஒருவர், பள்ளியின் மினாரா வேலை பாதியில் நிற்கிறதே என்றார். மினாரா காத்திருக்கும், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் காத்திருக்காது என்று இன்னொருவர் பதில் சொன்னார். முப்பது வீடுகள் மாதம் முந்நூறு ரூபாய் தர ஒப்புக்கொண்டன. 30 லட்சத்துக்கு இது ஈடாகாது என்பதை நாமும் அறிவோம், அந்த அம்மாவும் அறிவார்.

இத்தா முடிந்ததும் அந்தச் சகோதரி தாமே திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகம் சென்று 2 லட்சத்துக்கான மனுவைக் கொடுத்தார். இதை எழுதும்வரை பணம் வரவில்லை. பின்னால் வண்டி அகப்பட்டு முழு நஷ்டஈடு கிடைத்தால், இந்த 2 லட்சத்தைக் கழித்துத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. அப்படித் திருப்பும் நாள் வர வேண்டும் என்றுதான் துஆச் செய்கிறோம். தம்பியானவர் மாதம் ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போய், சாலையோரக் கடைகளின் கேமராப் பதிவுகளைப் பார்த்தீர்களா, யார்டுகளில் விசாரித்தீர்களா என்று கேட்டுவிட்டு வருகிறார். சென்ற மாதம் அவருடன் நாமும் போயிருந்தோம். உட்காரச் சொன்னார்கள்.