ஒரு பொருள், பல வகை

பொருள்நோக்கு நிரல்மொழிகளில் ஒரு மாறிக்கு அறிவித்த வகை ஒன்றாகவும், நிரல் ஓடும்போது அதில் வந்து நிற்கும் பொருளின் வகை வேறாகவும் இருக்கலாம். ‘விலங்கு’ என்று அறிவித்த இடத்தில் யானையும் வரும், மீனும் வரும். வந்திருப்பது எது என்று அப்போதே கேட்டறிய ஜாவாவில் ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’, பைத்தானில் ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ உண்டு. யானைப் பொருளை ‘யானையா?’ என்று சோதித்தாலும் ‘விலங்கா?’ என்று சோதித்தாலும் ஆம் என்றே விடை வரும். இவ்விரண்டில் எது அதன் உண்மை இயல்பு? தத்துவத்தில் இது பழைய கேள்வி. சமணம் இதற்கு நிறைவான விடை தருகிறது. அதை ஒரு சமண ஓவியத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில் உள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாரும் ஒரே நீரில் இருக்கிறார்கள்.

சமணக் கணக்கில் அந்த நீரும் தாமரையும்கூட உயிர்களே. அவற்றுக்குத் தொடுபுலன் மட்டும் உண்டு. புழுவுக்குச் சுவை சேர்ந்து இரண்டு, எறும்புக்கு மோப்பம் சேர்ந்து மூன்று, வண்டுக்குப் பார்வை சேர்ந்து நான்கு, யானைக்குக் கேள்வியும் சேர்ந்து ஐந்து. மேற்படியில் உள்ளது கீழ்ப்படியின் புலன்களை இழப்பதில்லை. நிரலாக்கத்தில், பொது வகையின் பண்புகளைக் குறுகிய வகையும் பெறும் ‘மரபுரிமை’ இதைப் போன்றதே. தொல்காப்பிய மரபியலும் இதே போன்ற வரிசையை ஆறறிவு வரை கொண்டுசெல்கிறது.

யானை என்பது உயிர் இப்பிறவியில் எடுத்த நிலை. சமணர் இதைப் பர்யாயம் என்பர். உயிர் என்பது பிறவிதோறும் மாறாத திரவியம். திரவிய நோக்கில் அது உயிர், பர்யாய நோக்கில் யானை. இரண்டும் மெய், ஒன்று மட்டுமே முழு உண்மை என்று பிடிப்பதே பிழை. உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் சமணக் கொள்கையான அநேகாந்தவாதத்தின் சாரம் இது.

எந்த வகையைக் கேட்பது என்பது கேட்பவரின் கடமையைப் பொறுத்தது. ஈரறிவும் அதற்கு மேலும் உள்ள உயிர்களுக்குத் தெரிந்தே தீங்கு செய்யாதிருப்பது இல்லறத்தாரின் விரதம். துறவியோ ‘உயிரா?’ என்று மட்டுமே கேட்க வேண்டும்; அந்தக் கேள்வியில் நீரும் அடங்கிவிடும். நிரலிலும், பொது வகை போதுமான இடத்தில் குறுகிய வகையைச் சோதித்தால், ஏற்க வேண்டிய பொருள் வெளியே நிற்கும். சோதனை தரும் ‘ஆம்’ மெய்யானது. ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை, அப்பொருளின் முழு வரையறை ஆகாது.