தடுப்பூசியும் கொல்லாமை விரதமும்

புலால் மறுத்தலை நோன்பாகக் கொண்ட ஆசிரியர் சிலர் வினாவும் வினாவொன்று உண்டு. "இன்புளுவென்சாச் சுரத்துக்கு ஆண்டுதோறும் இடும் தடுப்பூசி கோழிமுட்டையில் வளர்த்த கிருமியாற் செய்யப்படுவதாமே, அதனை ஏற்றல் கொல்லாமைக்கு இழுக்கன்றோ?" என்பது அது. இதனை நகைத்துத் தள்ளுதல் முறையன்று.

அவர் கூறுவது மெய்யே. 1940 களில் அமெரிக்க நாட்டில் தொடங்கி இன்றுவரை அவ்வூசியிற் பெரும்பாலன ஆக்கப்படுவது, ஏறத்தாழப் பத்து நாள் வளர்ந்த கருவையுடைய முட்டைகளிலேயாம். அக்கரு உயிரன்று என்று சாதிப்பார் கூற்றை யாம் ஏற்கமாட்டோம். பூச்சியின் உயிரணுக்களைக்கொண்டு முட்டையின்றி ஆக்கும் ஊசியொன்று 2013 ஆம் ஆண்டில் அந்நாட்டில் அனுமதி பெற்றது. அத்தகையது கிடைக்குமிடத்து அதனைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. கிடையாவிடத்து என்செய்வது?

தம்முடல் ஒன்றே பொருளாயின், ஒருவர் விரதங்காத்துச் சுரத்தை ஏற்பாராக. அவரைத் தடுப்பார் யார்? ஆனால் ஆசிரியர் காட்டிலிருக்கும் முனிவரல்லர். நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பில் நின்று உரத்துப் பேசுதல் அவர் தொழில். இக்கிருமியோ தும்மலாலும் இருமலாலும் பரவுவது. நோய்க்குறி தோன்றுதற்கு ஒருநாள் முன்னரே பிறரைப் பற்றவல்லது. பிள்ளைகள் அதனை வீட்டிற்குக் கொண்டுசெல்வர். அங்கே மூப்பினால் தளர்ந்த பேரனார் இருப்பார். ஆறு மாதம் நிரம்பாமையால் இவ்வூசி இடப்பெறாத குழந்தை இருக்கும். ஆசிரியர் காத்த விரதத்துக்கு விலை கொடுப்பவர் இவராகின்றனர். ஒருவன் தன் பட்டினியாற் புண்ணியந் தேடலாம். அயலான் பட்டினியால் தேடலாகாது. உழுபடையால் மண்புழு மடிதலை அறிந்தும் உழவனைக் கொலைஞனென்று நாம் ஒதுக்குவதில்லை, அவன் நோக்கம் பலரை உண்பித்தலாதலின். ஊசியை ஏற்பார் நோக்கமும் அத்தகையதே. நாவின் சுவைக்காக முட்டையுண்பாரோடு அவரை ஒருங்குவைத்து எண்ணுதல் நீதியாகாது.

"ஊசி இட்டார்க்கும் சுரம் வருகின்றதே" என்பாரும் உளர். வருவதுண்டு. அவ்வாண்டுக் கிருமிக்கு ஊசி நன்கு பொருந்தியவிடத்தும், மருத்துவரை நாடச்செய்யும் நோயை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரையே குறைக்கும். கிருமி உருமாறிக்கொண்டே இருத்தலின், உலக சுகாதாரத் தாபனத்தார் பெப்புருவரியிலும் செப்டெம்பரிலும் கூடி, ஊசியிற் சேர்க்கவேண்டிய வகைகளை அறிவிக்கின்றனர். சென்ற ஆண்டின் ஊசி இவ்வாண்டுக்குப் போதாமை இதனாலேயாம். அரைப்பங்கு காப்பை அற்பமென்பார், மாரிகாலத்தில் ஓட்டைக்குடையையேனும் விரித்தே செல்கின்றனர்.

இலங்கையில் இவ்வூசி, பிள்ளைகளுக்கு அரசினர் இலவசமாக இடும் ஊசிகளின் அட்டவணையில் இல்லை, பணங்கொடுத்தே பெறவேண்டும். ஆதலின் வருவாய் குறைந்த ஆசிரியரைக் குறைகூறேம். இலவசமாய் வருவனவற்றைத் தவறவிடுதற்கோ அச்சமாதானம் இல்லை. ஏழாம் வகுப்பில் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் ஊசி இடும் நாளிற் சில பிள்ளைகள் வாராதிருத்தலை ஆசிரியர் அறிவர். சின்னமுத்து இந்நாட்டில் ஒழிந்ததென்று 2019 ஆம் ஆண்டிற் சான்று கிடைத்தது. 2023 இல் அது மீண்டும் பரவிற்று. வாராத பிள்ளைகளின் பெயரைக் குறித்துவைத்துப் பெற்றோரை வினாவுதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்மேலேயே சுமத்தத்தக்கதன்று. இடாப்பைக் கையில் வைத்திருப்பவர் ஆசிரியரே. அன்று வாராதவர் யாவரென்பதை மாலை மணி அடிக்குமுன் அவர் எழுதிக் கொடுத்துவிடலாம்.